லயக் காம்பராவும் தலைமுறையும்

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை (1964) வெறும் துயரக் கதையாக வாசித்தல் போதாதென்பதே எமது கருத்து. குடியேற்ற ஆட்சி தோட்டத் தொழிலாளிக்கு நிலம் அளிக்கவில்லை. கங்காணிக் கடனையும் லயக் காம்பராவையுமே அளித்தது. துண்டு முறை 1921 இன் சட்டத்தால் ஒழிந்தது. எனினும் குடியிருப்பு வேலையுடன் பிணைந்திருந்தமையால், பிள்ளைகளும் பேர் பதிந்தே காம்பராவைக் காக்க வேண்டியதாயிற்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இக்குடும்பங்களை நாடற்றோராக்கியது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, லயமோ நிலைத்தது. பின்னர், 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

இவ்வுற்பத்தி உறவைக் காணாது, தலைமுறைத் துன்பத்தை 'விதி' எனக் கொள்ளும் அனுதாப விமர்சனம் சுரண்டலுக்கே திரையிடுகிறது. பெற்றோரின் தளை பிள்ளைகளுக்கு எவ்வாறு கைமாறியது என்பதே மலையக இலக்கிய விமர்சகரின் முதல் வினாவாதல் வேண்டும்.