ஹோலோகிராம் பிரபஞ்சம்: பலமும் பலவீனமும்

பிரபஞ்சமே ஒரு ஹோலோகிராம் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, ஆகவே உலகம் மாயை என்ற பேச்சு ஈப்போ வட்டாரத்தில் மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. அந்தக் கருத்து எதைச் சாதித்தது, எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இந்தக் கருத்து கருந்துளையில் தொடங்கியது. கருந்துளைக்கும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, உண்டு என்றார் இயற்பியலாளர் பெக்கென்ஸ்டைன். 1974-இல் ஹாக்கிங்கின் கணக்கு அதை உறுதிப்படுத்தியது. வியப்பு என்னவென்றால், அந்த என்ட்ரோபி கருந்துளையின் கொள்ளளவைப் பொறுத்ததல்ல. அதன் எல்லைப் பரப்பைப் பொறுத்தது. பால்மரம் சீவியவர்களுக்கு இது ஓரளவு பிடிபடும்: பால் ஊறுவது பட்டையில்தான், உள்மரத்தில் அல்ல. 1993-இல் ட்ஹூஃப்டும் 1995-இல் சஸ்கிண்டும் மேலும் ஒரு படி போனார்கள். ஹோலோகிராமில் தட்டையான பரப்பு முப்பரிமாணப் படத்தைத் தாங்குவதுபோல, ஓர் இடத்துக்குள் நடப்பது அனைத்தையும் அதன் எல்லைப் பரப்பிலேயே விவரித்துவிடலாம் என்றார்கள்.

இதைக் கணக்காக மாற்றியவர் ஹுவான் மால்டசேனா. ஈர்ப்பு உள்ள ஒரு வெளியும், அதன் எல்லையில் ஈர்ப்பே இல்லாத ஒரு குவாண்டம் கோட்பாடும் ஒன்றே என்று 1997-இல் முன்மொழிந்தார். ஒரு பக்கம் அவிழாத கணக்கு மறுபக்கம் எளிதாக அவிழ்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்கள் மோதி உண்டான, அணுக்கருத் துகள்கள் உருகிய நிலையான குவார்க்-குளுவான் பிளாஸ்மா, பாகுத்தன்மை மிகக் குறைந்த திரவமாக ஓடியது. மறுபக்கத்தின் கருந்துளைக் கணக்கு காட்டிய அளவும் அதற்கு அருகில் இருந்தது. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ஷிராஸ் மின்வாலாவும் கூட்டாளிகளும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே திரவ ஓட்டச் சமன்பாடுகளை வருவித்தார்கள். கருவியாக இதன் பலம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மால்டசேனாவின் வெளி எதிர்மறை வளைவு கொண்டது. அதற்கு எல்லை உண்டு. நம் பிரபஞ்சமோ வேகம் கூடிக்கொண்டே விரிகிறது என்று 1998-இல் தெரியவந்தது. அதற்கு அப்படி ஓர் எல்லை இல்லை. அந்த முன்மொழிவுக்கே முழுமையான கணித நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் ஹோலோமீட்டர் கருவி 40 மீட்டர் நீளக் கைகளில் லேசர் ஒளியைச் செலுத்தி வெளியின் நடுக்கத்தைத் தேடியது. 2015-இல் எதிர்பார்த்த நடுக்கம் இல்லை என்று அறிவித்தது. அது தேடியது ஒரு குறிப்பிட்ட மாதிரியை மட்டுமே. ஆகவே மற்ற வடிவங்கள் வீழ்ந்துவிடவும் இல்லை, நிலைநாட்டப்படவும் இல்லை.

மாயை வாதம் தவறுவது இதற்கும் அடிப்படையான இடத்தில். இரண்டு விவரணைகளும் சமம் என்கிறது கோட்பாடு. ஒன்று மெய், மற்றது பொய் என்று அது சொல்லவே இல்லை. உலகம் மாயை என்னும் வேதாந்தத்துக்கு இயற்பியலின் சான்றிதழ் தேவையில்லை, இயற்பியலும் அதை வழங்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்பாட்டைத் தமிழில் சொல்லும்போது, விளங்கியது எது, இன்னும் விளங்காதது எது என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.