அது இதயம் இல்லை

ஜிஆர்எஸ் 1915+105 பற்றி எங்கே வாசித்தாலும் ஒரு சொல் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது: இதயத்துடிப்பு. ஏறக்குறைய 30,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் 33.85 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீனிலிருந்து உரிந்து வரும் வாயு தட்டாகச் சுழன்று, சூடேறி, எக்ஸ் கதிரை உமிழ்கிறது. சில காலம் அந்தக் கதிர் நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் மெல்ல ஏறி, சட்டென்று உச்சம் தொட்டு விழும். வரைந்து பார்த்தால் அசல் ஈசிஜி. சரி, பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் அந்தப் பெயர் நம்மிடம் செய்கிற வேலைதான் என் பிரச்சினை.

2000-இல் டொமாசோ பெல்லோனியும் சகாக்களும் இதன் மாற்றங்களை 12 வகையாகப் பிரித்து, கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார்கள். இதயத்துடிப்பு அதில் ஒன்றுதான்: 'ரோ'. மீதி பதினொன்றை யார் எழுதுகிறார்கள்? நாசாவின் ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோள் பதிவுகள் பொதுவில்தான் கிடக்கின்றன, யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஒரு பதிவில் நெடுநேர அமைதி. இன்னொன்றில் தரையே சரிந்த மாதிரி ஒரு பள்ளம், பிறகு கன்னாபின்னாவென்று நடுக்கம். சர்வர் வரைபடங்களை வெறித்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு இது நிரம்பி, கொட்டி, மறுபடி நிரம்புகிற ஏதோ ஒன்றாகத்தான் தெரிந்தது.

இயற்பியலும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. தட்டின் உட்பகுதியில் வாயு சேரச் சேர, ஒரு கட்டத்தில் ஒளியின் அழுத்தம் வாயுவின் அழுத்தத்தை விஞ்சி, நிலை குலைகிறது. கொஞ்சம் உள்ளே விழ, கொஞ்சம் காற்றாக வெளியே அடிக்க, உட்பகுதி காலியாகிறது. வெளித்தட்டிலிருந்து வாயு வந்து திரும்ப நிரப்புகிறது. இதயம் தானே சுருங்கித் தள்ளும் பம்ப். இங்கே தள்ளுகிறவர் யாருமில்லை. உவமை வேண்டியே தீரும் என்றால் மூடி போட்ட சோற்றுப்பானை போதுமே! கொதித்து, மூடியைத் தூக்கி, புஸ்ஸென்று அடங்கி, மறுபடி கொதிக்கும். அதுவும் பொய்தான். ஆனால் உயிர் இருப்பதாகச் சொல்லாத பொய்.

இதெல்லாம் வெறும் சொல் சண்டையா? 2018-க்கு வாருங்கள். 1992-இல் கிரானாட் விண்கலம் கண்டுபிடித்ததிலிருந்து கால் நூற்றாண்டு பிரகாசித்த இந்த அமைப்பு, 2018-இல் எக்ஸ் கதிரில் மங்கத் தொடங்கி, 2019-இல் இன்னும் மங்கியது. உவமையை நம்புகிறவர் எழுதக்கூடிய வாக்கியம் ஒன்றுதான்: இதயம் நின்றுவிட்டது. ஆனால் ரேடியோ தொலைநோக்கிகளில் அது அப்போதும் சீறிக்கொண்டுதான் இருந்தது. வாயுத்திரை ஒன்று கருந்துளையின் அருகாமையை நம்மிடமிருந்து மறைக்கிறது என்பது வலுவான விளக்கம். வந்து சேர்கிற கதிர் குறைந்தது வேறு, அங்கே நடப்பது குறைந்தது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல 'துடிப்பு' என்ற சொல்லுக்குள் இடமே இல்லை.

1996-இல் ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் ஏறிய இந்திய எக்ஸ் கதிர்க் கருவிகளும் இதைப் பார்த்தன. அந்த ஆய்வாளர்கள் 'வெடிப்பு' என்றுதான் எழுதினார்கள். எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, அடுத்தது வர எத்தனை நொடி. வாசிக்க வறட்சிதான். ஆனால் எனக்கு அந்தப் பொருள் கண்ணில் தெரிந்தது அந்தப் பக்கங்களில்தான்.