புலம்பலும் மறைமொழியும்

கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை', 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பொருளாகக் கொண்டது. அக்கவிதையை விவிலியத்தின் 'புலம்பல்' நூலோடு ஒப்புநோக்குவது பயனுடையது. அழிந்த நகரின் இழப்பைப் பாடும் இரண்டுமே பழைய மறைமொழியைத் துணைக்கழைக்கின்றன.

புலம்பல், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமை அழித்ததைப் பாடுவது. அதன் 5 பாடல்களில் 4 எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் நிரலே முதலாகக் கொண்டவை. ஆத்திசூடி பயின்றோர்க்கு இவ்வுத்தி அந்நியமன்று. வெறும் அழுகை இவ்வாறு நிரல்படாது. இது மரபறிந்த புலவரின் ஆக்கம். சீயோனை எழிலின் நிறைவென்றும் உலகின் மகிழ்ச்சியென்றும் சங்கீதங்கள் போற்றின. புலம்பலில் அப்புகழுரையே வழிப்போக்கர் கைகொட்டிக் கேட்கும் ஏளன வினாவாகிறது. உடன்படிக்கையை மீறினோர் முற்றுகைப் பசியில் தம் மக்களையே உண்பர் என உபாகமம் சபித்தது. அது நிகழ்ந்துவிட்டதெனக் காட்டும் புலம்பல், யாருக்கு இதைச் செய்தீர் எனக் கடவுளையே வினவுகிறது. தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாயே இதனையும் கேட்கிறது. மறைமொழி இங்கே அணியன்று. வழக்கில் வைக்கப்படும் சான்று.

ஆயின் வழக்காடுபவர் யார்? அடிமைகள் தம்மை ஆள்வது பற்றிய குமுறல் வீழ்ந்த மேற்குடியினுடையது. ஏதுமற்ற எளியோர்க்குப் பாபிலோனியத் தளபதி திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் வழங்கியதை எரேமியா நூல் கூறும், புலம்பல் கூறாது. இதுகொண்டு நூலையே ஒதுக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதம். உணவு கேட்டுத் தெருவில் மயங்கும் குழந்தையை அது மறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். நுஃமானின் கவிதையில் புத்தர் சுட்டுக்கொல்லப்படுகிறார். சடலம் நூல்களால் மூடப்படுகிறது. சிகாலோவாத சூத்திரத்தைக் கொளுத்தி அதனை எரிக்கின்றனர். ஆசிரியரும் மாணவரும், எசமானரும் பணியாளரும் ஒருவர்க்கொருவர் ஆற்றவேண்டிய கடமைகளை இல்லறத்தார்க்கு உரைக்கும் சூத்திரம் அது. நூலகத்தை எரித்த அரசுக்கு எதிராக இதனினும் பொருத்தமான சான்று கிடைத்திராது. புலம்பற் புலவர் தம் மறையைத் தம் கடவுள்முன் வைத்தார். கிழக்கின் முஸ்லிம் கவிஞரோ, வடக்கின் இழப்பிற்காக, ஆள்வோர் போற்றும் மறையையே ஆள்வோர்முன் வைக்கிறார்.

எனினும் ஒன்று உறுத்துகிறது. கவிதையில் காவலரும் அமைச்சரும் பேசுகின்றனர். அந்நூலகத்திற் படித்த மாணவர் ஒருவரேனும் வரவில்லை. புலம்பலின் பசித்த குழந்தைக்கு நிகராக இங்கு எவருமில்லை. அங்கதத்தின் கூர்மைக்கு அது வேண்டியதில்லை என்பர். அவ்விளக்கம் எனக்கு முழுநிறைவு தரவில்லை.