புல்மேட்டின் இசை

அயர்லாந்தின் ஸ்லேன் கோட்டைத் தோட்டம் 1981 முதல் றொக் இசைக்குப் பேர்பெற்றது. பொய்ன் ஆற்றை நோக்கிச் சரியும் அதன் புல்வெளியில் ஏறத்தாழ 80,000 பேர் கூடுவார்கள். அந்தப் புகழில் பாதி சரிவுக்கே சேரும்: முன்னே நிற்பவர் பின்னே நிற்பவரை மறைப்பதில்லை, மேடை எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கிறது. கண்டிக்கு அருகே 2009இல் திறக்கப்பட்ட பல்லேகல கிரிக்கெட் மைதானத்தின் புல்மேடும் இதே வேலையைத்தான் செய்கிறது. பப்பரே வாத்தியக் குழு டிரம்பெட்டை எடுத்தால் மேடு முழுவதும் ஆடத் தொடங்கும்; எண்ணிட்ட நாற்காலி வரிசையில் அப்படி ஆட இடமேது? மழை பெய்தால் புல் சேறாகுமே, கூரை இல்லையே என்பார்கள். உண்மைதான், மலைநாட்டு மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனால் கூரை வேண்டுவோருக்கு மாடங்கள் இருக்கின்றன, ஆடுகிறவர்களுக்கு இந்த மேடுதான் இருக்கிறது. மைதானத்தை விரிவாக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அதன்மேல் கொங்கிறீட் ஊற்றிவிட வேண்டாம்.