அரசியல் படிப்பவருக்குச் சட்டம் எதற்கு?

அரசியல் அறிவியலோடு பொதுச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் மாணவருக்கு இரண்டிலும் பிடிப்பு வருமா, இரண்டும் அரைகுறையாகப் போய்விடுமா? பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 1988-இல் முதல் அணி சேர்ந்ததிலிருந்து ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. நாடெங்கும் பரவிவிட்டது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று பலரும் நினைப்பதற்கு அதுதான் காரணம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பட்டச் சான்றிதழில் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. வகுப்பறையில் அவை இன்னும் சேரவில்லை.

பொதுச் சட்டம் என்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான சட்டம். அரசமைப்புச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் அதன் இரு பெரும் பகுதிகள். நம் கலைக் கல்லூரிகளின் அரசியல் அறிவியல் வகுப்பில் முன்னது மட்டும் வருகிறது, அதுவும் பிரிவு எண்களாக. 14 சமத்துவம், 32 நீதிமன்றத்தை நாடும் உரிமை, 356 குடியரசுத் தலைவர் ஆட்சி என்று மனப்பாடம் செய்த மாணவி டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் மதிப்பெண் வாங்கலாம். மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது ஒரு தீர்ப்பையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறாரா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பதே பதில். சட்டக் கல்லூரியில் நிலைமை தலைகீழ். அங்கே தீர்ப்பு உண்டு. அந்தத் தீர்ப்பு எந்த ஊரில், எந்தத் தேர்தலுக்கு முன், யார் யாருடைய சண்டையிலிருந்து வந்தது என்ற பேச்சு இல்லை. முதலிரண்டு ஆண்டுகளில் அரசியல் அறிவியல் தாள்களை எழுதி முடித்தவர்கள், பிறகு அவற்றைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சேர்த்துப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். மதராஸ் மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ. எனப்பட்ட வகுப்புவாரி அரசாணை, மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணச் சொல்லும் வழிகாட்டு நெறியான 46-ஆம் பிரிவைத் துணைக்கு அழைத்தது மதராஸ் அரசு. வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியவையே என்று சொல்லி அரசாணையைத் தள்ளியது நீதிமன்றம். சட்ட வகுப்பு இதோடு முடிந்துவிடும். அரசியல் வகுப்போ இதற்குப் பிறகுதான் தொடங்கும்: மதராஸில் எழுந்த கிளர்ச்சி, அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் திருத்தம், பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும், புதிதாக நுழைந்த 15(4).

இரண்டு வகுப்பும் தொடாத ஒரு கேள்வி நடுவில் கிடக்கிறது. அரசு வேலையில் பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்க 16(4) இருந்தது. கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசும் 29(2)-இல் அப்படியொரு விதிவிலக்கு இல்லை. இல்லாததால் அது வேண்டுமென்றே விடப்பட்டது என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. அது சரியான முடிவா? சட்டத்தின் பொருள்கோள் விதிகள் தெரியாமல் இதை எடைபோட முடியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வேலை ஒதுக்கீட்டைப் பற்றி நடந்த விவாதத்தையும், ‘பிற்பட்ட’ என்ற சொல்லுக்காக அம்பேத்கர் வாதாடியதையும் படிக்காமலும் முடியாது. இன்னொரு தகவலும் உண்டு. பொறியியல் இடம் கேட்டு வழக்குத் தொடுத்த சீனிவாசனுக்காக அரசாணையை எதிர்த்து வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்பின் வரைவுக் குழுவில் இருந்தவர். சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கம் என்று ஒருமையில் பேசும் பழக்கத்தை இந்த ஒரு தகவலே அசைத்துவிடுகிறது. செண்பகமோ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. வழக்குத் தொடுக்க யாருக்கு உரிமை என்பது சட்டக் கேள்வி. எந்தச் சமூகத்துக்கு நீதிமன்றப் படியேறும் வசதி முதலில் கிடைக்கிறது என்பது அரசியல் கேள்வி. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன.

சட்டத்தை மட்டும் படித்தால் எவ்வளவு பெரிய விஷயம் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு இலங்கை சாட்சி. அந்நாட்டின் அன்றைய அரசமைப்பான சோல்பரி அரசமைப்பின் 29(2)-ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. அந்த அரசமைப்பு உருவானதில் பெரும் பங்கு கொண்ட ஐவர் ஜென்னிங்ஸ் சட்டமும் அரசியலும் ஒருங்கே அறிந்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1948-இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. இதை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யார் குடிமக்கள் என்று முடிவு செய்வது எந்த நாட்டுக்கும் இயல்பான அதிகாரம், இதில் சமூகப் பாகுபாடு இல்லை என்று அங்கே தீர்ப்பாயிற்று. சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற சொல் இல்லை. தோட்டத் தொழிலாளர் வாக்குகள் யாருக்குப் போயின, யாருக்கு அது உறுத்தியது என்ற கணக்கு அந்த வாசகத்துக்கு வெளியே இருந்தது. அதைப் படிக்காதவருக்குத் தீர்ப்பு குறையில்லாததாகவே தோன்றும்.

எதிர்வாதத்துக்கும் கனம் உண்டு. அரசியலை முதலில் படித்தவர் தீர்ப்பைப் படிக்கப் பொறுமை இழப்பார். எல்லாம் நீதிபதியின் சாய்வுதானே என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அமெரிக்காவில் ஹெர்மன் பிரிட்செட் என்ற அரசியல் அறிஞர் 1948-இல் வெளியிட்ட நூலில், ரூஸ்வெல்ட் காலத்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் வாக்குகளை எண்ணி அட்டவணை போட்டார். அவருடைய வேலை மதிப்புள்ளது. அந்த வழியில் வந்த பலர் காரணங்களைப் படிப்பதை விட்டு எண்ணுவதில் மூழ்கினார்கள். நம் நாட்டில் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தின் எல்லையைப் பற்றிய கேசவானந்த பாரதி வழக்கு 1973-இல் 7-க்கு 6 என்று முடிந்ததைத் தெரிந்துகொள்வது எளிது. அந்த ஏழில் எச்.ஆர். கன்னா மற்ற அறுவரோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் தீர்ப்பின் வாதம், அதன் சொந்த நியாயத்திலேயே, பிறகு அதன் அரசியல்.

இந்த விவாதத்தில் யாரும் கவனிக்காத பகுதி நிர்வாகச் சட்டம். அரசியல் அறிவியல் மாணவருக்கு அதுதான் பெரிய வரவு என்பேன். அவர் கற்கும் அரசு சட்டமன்றத்திலும் தேர்தலிலும் இருக்கிறது. மக்கள் சந்திக்கும் அரசு தாசில்தார் கையெழுத்திலும் பட்டா மாறுதலிலும் இருக்கிறது. 1969-இல் தீர்ப்பான கிரைபாக் வழக்கைப் பாருங்கள். காஷ்மீரில் வனத்துறைப் பணிக்கான தேர்வுக் குழுவில், தானும் ஒரு போட்டியாளராக இருந்த அதிகாரியே உட்கார்ந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து போனார். போட்டியாளர்களான மற்றவர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வு செல்லாது என்றது நீதிமன்றம். இது வெறும் நிர்வாக முடிவு, இதில் இயற்கை நீதி வராது என்ற பழைய சுவரும் அதோடு ஆட்டம் கண்டது. அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று மூன்றாண்டுகள் படிப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு எந்தத் தாளிலும் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். சேர்த்துப் படிப்பது சரி. இப்போதைய ஐந்தாண்டுப் பட்டம் அதைச் செய்யவில்லை. இரண்டு துறைகளின் தாள்களை அடுத்தடுத்து அடுக்கிய படிப்பை மட்டும் நம்பி ஒருவர் ஐந்தாண்டுகளைக் கொடுக்க வேண்டாம். மூன்றாண்டு அரசியல் அறிவியல், பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. என்ற பழைய வழி அதற்குக் குறைந்ததல்ல. ஓராண்டு கூடுதலாகப் போனாலும், வாக்காளராகவும் வேலை தேடுபவராகவும் கொஞ்சம் உலகத்தைப் பார்த்த பிறகு தீர்ப்புகளுக்கு வருகிறார். ஒரே தீர்ப்பை இரண்டு துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்று நடத்தும் கல்லூரி எங்காவது இருந்தால், அங்கே சேருங்கள். இல்லாத கல்லூரியில் வினாத்தாளை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். பிரிவு எண்ணைக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாக்களை எடுத்துவிட்டு, தீர்ப்பிலிருந்து இரண்டு பக்கத்தைத் தேர்வறையிலேயே கொடுத்து, இதில் நீதிமன்றம் எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில ஆண்டுகளாகத் தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழ்வழி மாணவர்களுக்கும் அந்த வினாவைக் கொடுக்கத் தடையேதும் இல்லை.