டிகின்டரில் காத்திருப்பு: ஒரு மதிப்பீடு

தாம்பரம் ரயில் நிலையத்தின் தானியங்கிப் பயணச்சீட்டு இயந்திரம், நாம் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் பணத்துக்காகக் காத்திருக்கிறது. அப்போதும் ‘ரத்து’ பொத்தான் வேலை செய்தாக வேண்டும். வரைகலை நிரல்களின் காத்திருப்பை மதிப்பிட இதுவே நல்ல அளவுகோல்.

பைத்தானின் டிகின்டர் நூலகத்தில் நிரல் எழுதத் தொடங்குபவர்கள் காத்திருப்புக்கு முதலில் நாடுவது டைம்.ஸ்லீப். அது நிகழ்வுச் சுழலையே நிறுத்திவிடுகிறது. சொடுக்குகள் தேங்குகின்றன, சாளரம் உறைகிறது.

வெயிட்_வேரியபிள் இதைவிட மேலானது. குறித்த மாறியில் மதிப்பு எழுதப்படும்வரை அதை அழைத்த செயற்கூறு மட்டும் நிற்கிறது. மற்ற நிகழ்வுகளை உள்ளே ஓடும் இன்னொரு சுழல் கவனிக்கிறது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. பயனர் நடுவில் சாளரத்தை மூடினால் மாறிக்கு மதிப்பு வராது. திரையில் எதுவும் இல்லாமலே நிரல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காத்திருப்புக்குள் இன்னொன்று தொடங்கினால், உள்ளிருப்பது முடியும்வரை முதலாவது திரும்பாது.

சாளரம் மூடப்படும்போதும் மாறிக்கு மதிப்பு கொடுத்துவிட்டால் முதல் குறை தீரும். இரண்டாவதற்குச் செயற்கூறைப் பிரிப்பதே வழி: காத்திருந்து செய்ய வேண்டியதை அந்த நிகழ்வுக்கான செயற்கூறிலேயே எழுதிவிட்டால், எங்கும் நிற்க வேண்டியதில்லை.