டியாப்லோ: முதலாவதா, இரண்டாவதா?

டியாப்லோ என்ற கணினி ஆட்டத்தின் முதல் பாகத்தில் ஓட முடியாது. இரண்டு பாகங்களையும் பிரித்துக்காட்ட இந்த ஒன்றே எனக்குப் போதும். டிரிஸ்ட்ரம் என்று ஒரே ஊர். அங்குள்ள தேவாலயத்துக்கு அடியில் 16 தளங்கள். நடந்தேதான் இறங்க வேண்டும், எது துரத்தினாலும் நடந்தேதான் தப்ப வேண்டும். புட்சர் என்னும் அரக்கனின் அறைக்கதவை அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு அந்த நடையின் கொடுமை தெரியும்.

இது தற்செயலாக வந்ததல்ல. இதை உருவாக்கிய டேவிட் பிரெவிக் குழுவினர் முதலில் வடிவமைத்தது, சதுரங்கம்போல் முறைவைத்து ஆடும் ஆட்டம். வெளியீட்டு நிறுவனமான பிளிஸ்ஸார்ட் வற்புறுத்திய பிறகே அது உடனுக்குடன் நிகழும் சண்டையாக மாறியது. கட்டம் கட்டமாக அடியெடுத்து வைக்கும் பழக்கம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. 1996-97 புத்தாண்டை ஒட்டி வெளிவந்த அந்த ஆட்டம் வேறு வகையிலும் கஞ்சத்தனமானது. தங்கக் காசும் பையில் இடத்தை அடைக்கும். சில பலிபீடங்களைத் தொட்டால் உங்கள் மந்திர சக்தியில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். தொடலாமா வேண்டாமா என்று கை தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் ஆட்டம்.

2000-இல் வந்த இரண்டாம் பாகம் இந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் களைந்தது. ஓடலாம். காசு பையை அடைக்காது. பலிபீடங்கள் எதையும் நிரந்தரமாகப் பறிப்பதில்லை. ஒரே நிலவறைக்குப் பதிலாகப் பாலைவனம், காடு, நரகம் என உலகம் விரிந்தது. ஆனால், விரிந்த உலகில் பயம் நீர்த்துப்போயிற்று. இசையமைப்பாளர் மாட் யூல்மெனின் கிடார் இசை இரண்டிலும் உண்டு. முதலாவதில்தான் அது எலும்புக்குள் இறங்குகிறது.

அப்படியானால் முதலாவதுக்கே வாக்களிக்கலாமே? அங்குதான் சிக்கல். அதன் சூழல் எவ்வளவு செறிவோ, சண்டை அவ்வளவு மெலிவு. வீரன், ரோக், மந்திரவாதி என்று மூன்று பாத்திரங்கள். போதிய மந்திர அளவு இருந்தால் யாரும் எந்த மந்திர நூலையும் படித்துக்கொள்ளலாம். இதைச் சுதந்திரம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது வேறுபாடின்மையாகத்தான் படுகிறது. வீரனுக்கென்று இருக்கும் தனித்திறன், ஆயுதத்தைப் பழுதுபார்ப்பது! மற்றபடி அவன் வேலை கடைசித் தளம் வரை மவுஸை அழுத்துவதுதான்.

இரண்டாம் பாகத்தின் ஐந்து பாத்திரங்களும் ஐந்து வெவ்வேறு ஆட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 30 திறன்கள். நெக்ரோமேன்சர் எலும்புக்கூடுகளை எழுப்பிப் போருக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்கிறான். பார்பேரியன் கூட்டத்துக்குள் பாய்கிறான். பாத்திரமேற்று ஆடுவது என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது.

குறைகள் இல்லாமலில்லை. மூன்றாம் அங்கத்தின் குராஸ்ட் காடு வழிதேடும் சலிப்பு. அதே கதையை மூன்று கடினநிலைகளில் ஆடச் சொல்வதும், நல்ல பொருள் விழும் என்று மெஃபிஸ்டோ என்னும் அரக்கத் தலைவனைத் திரும்பத் திரும்பக் கொல்வதும் பொழுதுபோக்கல்ல, கூலியில்லா வேலை. ஆனால் இவை விலக்கக்கூடிய குறைகள். நார்மல் என்னும் முதல் நிலையை ஒருமுறை முடித்துவிட்டு எழுந்துவிட்டால், முழுமையான ஆட்டம் ஒன்றை ஆடியிருப்பீர்கள். முதல் பாகத்தின் குறையோ ஒவ்வொரு அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விலக்க வழியில்லை.

ஆகவே ஒன்றை ஆட மட்டுமே நேரம் என்றால், நூலிழை வித்தியாசத்தில், இரண்டாம் பாகம். இரண்டுக்கும் நேரம் இருந்தால் முதலாவதில் தொடங்குங்கள். இரண்டாவதில் டிரிஸ்ட்ரம் எரிந்து கிடக்கிறது. முன்பு உங்களுக்கு வாள் விற்ற கொல்லன் கிரிஸ்வால்ட் பிணமாக நடந்து உங்களையே தாக்க வருகிறான். அவனிடம் முன்பே பேரம் பேசியவருக்குத்தான் அந்தச் சண்டை வலிக்கும். முதல் பாகம் 2019 முதல் ஜி.ஓ.ஜி. என்னும் ஆட்ட விற்பனைத் தளத்தில் கிடைக்கிறது, இரண்டாவதைப் புதிய வரைகலையுடன் 2021-இல் வந்த ரிசரக்டெட் பதிப்பிலேயே ஆடலாம்.